வெப்ப நாட்டிற் குளிர்த் தொடக்கம்: திருகோணமலை லொறிகள் பற்றிய ஓர் ஆய்வு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோணேசர் ஆலயத்தையும், 1795 இல் ஒல்லாந்தர் கையினின்று ஆங்கிலேயர் கைக்கு மாறிய கோட்டையையும், உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய குடாவையும் விரித்துரைப்பர். அத்துறைமுகத்தின் பின்னால் நின்ற லொறிகளைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேற் காண்டல் அரிது. கப்பலினின்று இறங்கிய பண்டம் கரையிலேயே கிடப்பதன்று. அதனை உள்நாட்டுக்குக் கொண்டு சென்றவை 1927 இல் வந்த புகைவண்டிப் பாதையும், கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையுமே. அச்சாலையில் ஓடிய பெற்றோல் லொறிகளுக்கு விடியற்காலையில் மட்டும் தோன்றும் நோய் ஒன்று இருந்தது. இரவெல்லாம் நின்ற எந்திரம் காலையில் எளிதில் உயிர்பெறாமையே அந்நோய். இதனைக் குளிர்த் தொடக்கச் சிக்கல் என்பர்.

பெயரே ஐயத்தை விளைவிக்கும். திருகோணமலையில் தை மாத இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 24 பாகை சென்ரிகிரேட் அளவிலேயே நிற்கும். பனி உறையும் கனடாவில் எந்திரம் விறைத்துப் போவது இயல்பு. கோணமலைக் கரையில் விறைப்பதற்குக் குளிர் ஏது? விடை எரிபொருளின் இயல்பில் உள்ளது. பெற்றோல் தனித்திரவமன்று, எளிதில் ஆவியாவனவும் அரிதில் ஆவியாவனவும் சேர்ந்த கலவை. எந்திரத்தினுள் எரிவதும் திரவமன்று, காற்றோடு கலந்த அதன் ஆவியே. சூடேறிய எந்திரத்தின் உள்ளிழுக்கும் குழாயிற் பெற்றோற்றுளிகள் எளிதில் ஆவியாகும். எடையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று என்னும் கலவை அப்போது போதும். இரவெல்லாம் நின்ற எந்திரத்தின் உலோகமோ 24 பாகையில் உள்ளது. ஓடும்போது குளிர்நீர் அடையும் 80 பாகையோடு ஒப்பிட்டால் அது குளிர்ந்த உலோகமே. ஆகவே மெல்லிய பகுதி மட்டும் ஆவியாக, எஞ்சியது குழாய்ச் சுவரில் ஈரமாய் ஒட்டிவிடும். அன்றியும், கைப்பிடியாற் சுழற்றும்போது எந்திரம் மிக மெதுவாகவே சுழலும்; காற்று விரைந்து பாயாதவிடத்துப் பெற்றோலை உறிஞ்சியெடுக்கும் வலிவும் குன்றும். தேவை மிகும் வேளையிலே வரவு குறைகின்றது.

இதற்கு மருந்தாக அமைந்தது சோக். அவ்வாங்கிலச் சொல் மூச்சை நெரித்தலைக் குறிக்கும், பெயர் பொருத்தமானதே. காபரேற்றரின் வாயிலில் ஒரு தகட்டு மூடி உண்டு. சாரதி தன் முன்னுள்ள குமிழை இழுத்தால், கம்பி வழியே அம்மூடி திரும்பிக் காற்றை மறிக்கும். எந்திரத்தின் உறிஞ்சல் பெற்றோல்மீது விழும். காற்று 15 பங்கினின்று மூன்று நான்கு பங்காகக் குறையுமளவிற்குப் பெற்றோல் பெருகி வர, அதில் ஒரு சிறு பகுதியே ஆவியாயினும் தீப்பற்றுதற்குப் போதுமாகும். எந்திரம் பற்றியவுடன் குமிழைப் பாதி தள்ளி, சூடேறச் சூடேற முற்றாகத் தள்ளிவிடல் வேண்டும்.

கம்பியைப் பொருத்துவதிலும் நுட்பமுண்டு. குமிழை இழுத்தபோது மூடி முற்றாக அடைபடவும், தள்ளியபோது முற்றாகத் திறக்கவும் வேண்டும். அதற்குக் கம்பியிற் சிறிது தளர்வு விடுவர். தளர்வின்றி இறுகக் கட்டிய கம்பி, குமிழ் உள்ளே சென்ற பின்னும் மூடியைச் சாய்த்தே வைத்திருக்கும். அந்நிலையிற் புகை கறுக்கும். பிளக்குகளிற் கரி படியும். ஆவியாகாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவி உலோகத்தைத் தேய்க்கும். எந்திரத்தையே பிரித்துத் தேடப்படும் குற்றம் சிலவேளை இக்கம்பியின் கால் அங்குலத்தில் இருத்தல் கூடும்.

இவ்வறிவு திருகோணமலையிற் பெருகியது போர்க்காலத்திலாகும். 1942 ஏப்பிரில் 9 ஆம் நாட் காலையில் நகுமோ தளபதியின் விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. முன்னிரவே துறைமுகத்தை விட்டகன்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 1944 இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வர, கிழக்குக் கடற்படையின் தளமாகிய திருகோணமலைக்கும் மலைநாட்டுக்குமிடையே போக்குவரத்து மிகுந்தது. 1931 இல் இங்கிலாந்திலே தொடங்கிய பெட்போர்ட் லொறி, போர்க்காலத்தில் மட்டும் ஏறத்தாழ 2,50,000 செய்யப்பட்டது. அது போன்ற பெற்றோல் லொறிகளே அக்காலத்தில் ஆங்கிலேயப் படையின் சுமைதாங்கிகள். தானே சுழற்றும் மின்பொறி 1912 இல் கடிலாக் காரிலேயே வந்துவிட்டபோதும், லொறியின் முன்னே கைப்பிடிக்கு இடம் நீங்கவில்லை. அக்கைப்பிடி திடீரென எதிர்த்தடிக்கும். பெருவிரலை ஏனைய விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிக்கக் கற்றிராதவனின் கை முறியும். குண்டு விழும் காலையில் முதற் சுழற்சியிலே பற்றாத லொறி வெறும் தொல்லை மட்டுமாய் அமைவதில்லை.

கரையோர ஊரில் வேறு பகைகளும் உண்டு. ஐப்பசி முதல் தை வரை வாடையும் மழையும் வரும். உப்புப் படிந்த மின்கம்பிகளும் டிஸ்ரிபியூற்றர் மூடியும் ஈரத்தை இழுத்துக்கொள்ள, பிளக்கை அடையவேண்டிய மின்சாரம் வழியிலேயே ஒழுகிவிடும். பொறி இல்லாதவிடத்துச் சோக்கை எத்துணை இழுப்பினும் பயன் இல்லை. பிளக்கு நனைந்து நிலைமை மோசமாவதே மிச்சம். உலர்ந்த துணியால் மூடியைத் துடைத்து, சோக்கையும் அக்சிலறேற்றரையும் முற்றாகத் திறந்து சுழற்றி, மிகுந்த பெற்றோலை வெளியேற்றுவதே அதற்குப் பரிகாரம்.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் நோய் தலைகீழாகும். கிண்ணியாவிற் பாலம் 2009 இலேயே திறக்கப்பட்டது. அதற்கு முன் மூதூர்ப் பக்கம் செல்லும் வண்டிகள் துறையடியிற் 'பாதை'க்காகக் காத்து நிற்றல் வேண்டும். வெயிலில் ஓடிவந்து நிறுத்திய எந்திரத்தின் சூட்டாற் குழாயிலுள்ள பெற்றோலே கொதித்து ஆவியாகி வழியை அடைக்கும். காலையிற் பழகிய கை அப்போதும் சோக்கையே நாடும். நாடினால் எந்திரம் மேலும் திணறும். மலைநாட்டுச் சுமையேற்றத்திலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்று ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மெலிந்திருப்பதாற் கலவை தானாகவே செறியும். ஆயினும் விடியற்குளிர் பத்துப் பாகையை நெருங்கும் ஆங்கு, கரையோரத்திற் பாதி இழுப்போடு பற்றிய லொறி முழு இழுப்பையும் வேண்டும்.

குளிர் என்பது வானிலையைச் சார்ந்ததன்று, எண்ணெயைச் சார்ந்தது என்பதற்கு மண்ணெண்ணெய் பெருஞ்சான்று. பெற்றோலின் ஆவி நீருறையும் நிலைக்குப் பல பாகை கீழேயும் தீப்பற்றும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகைக்கு மேற் சென்றாலன்றிப் பற்றுதற்கேற்ற ஆவியைத் தராது. மண்ணெண்ணெய்க்குத் திருகோணமலை நண்பகலும் குளிர்காலமே. 1917 இல் வந்த போட்சன் உழவு இயந்திரம் இதனை அறிந்தே அமைக்கப்பட்டது. அது பெற்றோலில் தொடங்கி, புகைபோக்கியின் சூட்டால் எண்ணெயை ஆவியாக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடும்.

அவ்வமைப்பு எதுவுமில்லாத வண்டிகளிலே இதே முறையைக் கையாளும் நிலை வடபகுதித் தமிழருக்கு வந்தது. 1990 இல் மீண்டும் போர் மூண்டபின், பெற்றோலும் பற்றரியும் யாழ்ப்பாணத்துக்கு எடுத்துச் செல்லத் தடையாயின. பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் கிடைப்பதற்கரிய பொருளாதலின், சிறு போத்தலிற் காத்து வைத்ததைச் சில துளி மட்டும் காபரேற்றரின் வாயில் விட்டு எந்திரத்தைப் பற்றவைப்பர்; சூடேறியபின் மண்ணெண்ணெய் அதனை ஏற்று நடத்தும். நோயாளியை ஏற்றவேண்டிய வண்டிக்கு அத்துளிகளே உயிர்நிலை. இடையிற் குளிரவிட்டால் மீண்டும் போத்தலைத் திறத்தல் வேண்டும். ஆதலால் நிறுத்துவதற்கே அஞ்சுவர். எரியாத மண்ணெண்ணெய் எந்திரத்தின் அடியிலுள்ள எண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். எந்திரத்தில் இடிப்பொலி எழும். புகை கண்ணைக் கரிக்கும்.

இதே காலத்திற் சீனன்குடாவின் மேட்டில், கப்பல்களின் எரியெண்ணெய்க்காக ஆங்கிலேயர் கட்டிய, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் 99 பெருந்தாங்கிகளுட் பெரும்பாலானவை காடு மண்டி வெறுமையாய் நின்றன. 1996 முதல் யாழ்ப்பாணத்துக்குப் பயணிகளும் பண்டங்களும் திருகோணமலையிலிருந்து கப்பலேறிச் சென்றனர். வன்னியின் வண்டிகள், 2002 இல் தடை நீங்கி ஏ-9 நெடுஞ்சாலை திறக்கும்வரை, பெற்றோற் போத்தலாலேயே தொடங்கின.