ஒன்பதாவது சில்லைத் தூக்கிட்டாங்கய்யா!

போன வாரம் நண்பர் ஒருத்தர் கூப்பிட்டார். மடிக்கணினி அடிக்கடி உறைஞ்சு போகுதாம். மவுஸ் கூட அசைய மாட்டேங்குதாம், சமயத்துல நீலத்திரை வருதாம். "பேசாம ஃபார்மட் போட்டுரட்டுமா?"ன்னார். அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு இன்னமும் வயித்தக் கலக்கும். ஏன்னு சொல்றேன், கொசுவத்திச் சுருளைச் சுத்த விட்டுக்கோங்க.

வருஷம் 2007. எக்ஸ்பி போட்ட பொட்டி. அதுல இருந்த 512 எம்பி மெமரி பத்தலைன்னு ரிச்சி தெருவுல பேரம் பேசி ஒரு 1 ஜிபி வாங்கி மாட்டினேன். ரெண்டு மாசம் ஜம்முன்னு ஓடுச்சு. அப்புறம் ஆரம்பிச்சது ஆட்டம். பாட்டுக் கேட்டா உறையும், தமிழ்ல தட்டச்சினா உறையும், சும்மா இருந்தாலும் உறையும். நீலத்திரையில ஒவ்வொரு தடவையும் வேற வேற பிழைச் செய்தி. ஒரே மாதிரி செய்தி வந்தாலாவது எதையாவது சந்தேகப்படலாம்.

கடைக்காரத் தம்பி பாத்த உடனே "வைரஸ் சார்"னார். ஃபார்மட். ஒரு வாரத்துல மறுபடி. "விண்டோஸ் கரப்ட் சார்". ஃபார்மட். மூணாவது தடவை அவரே வெறுத்துப்போயிட்டார். ஒவ்வொரு தடவையும் என் கோப்புகளை டிவிடில எழுதி வச்சுட்டுத்தான் அழிச்சார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அக்கா கல்யாணத்துக்கு நான் எடுத்த படங்களை அந்த டிவிடில திறந்து பாத்தா, இருபத்தேழு படத்துல மேல்பாதி இருக்கு, கீழ்பாதி வெறும் சாம்பல். அதுல ஒண்ணு அப்பா பந்தியில குனிஞ்சு சாம்பார் ஊத்திட்டு இருக்குற படம். முகம் இருக்கு, கை இல்லை.

எழுதும்போது பொட்டி ஒரு பிழையும் சொல்லலை. அதான் என்னைக் குடைஞ்சது. தப்பா எழுதிட்டு, "எல்லாம் முடிஞ்சது"ன்னு எப்படி சொல்லுச்சு?

உறையறதுக்குக் காரணம் ஆயிரம் இருக்கு மக்களே. விசிறில தூசி, சூடு, சாகப்போற ஹார்ட் டிஸ்க், ஒத்துவராத டிரைவர்... அதையெல்லாம் விட்டுடறேன். இது மெமரி கதை.

1981 ஆகஸ்ட்ல ஐபிஎம் முதல் பிசியை விட்டாங்க. அதுல ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டுன்னா, மெமரிச் சில்லுகள் வரிசைக்கு ஒன்பது இருக்கும். ஒன்பதாவது எதுக்கு? வேவு பாக்க. எட்டு பிட்டுல எத்தனை '1' இருக்குன்னு எண்ணி, மொத்தம் ஒற்றைப்படையா வர்ற மாதிரி ஒன்பதாவது பிட்டை வைக்கும். இதுக்குப் பேர் பாரிட்டி. திரும்பப் படிக்கும்போது கணக்கு இரட்டைப்படையா வந்தா நடுவுல எவனோ புரட்டிட்டான்னு அர்த்தம். எவன்னு தெரியாது, திருத்தவும் முடியாது. ரெண்டு பிட்டு சேர்ந்து மாறினா கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனாலும் தெரிஞ்ச மட்டும் நேர்மையா நடந்துக்கும். திரையில "பாரிட்டி செக்"னு போட்டுட்டு அப்படியே நின்னுடும். தப்பான எண்ணை வச்சு கணக்கு போடுறதுக்கு நிக்கிறதே மேல்னு நினைச்ச காலம் அது. (அதே பிசிக்காக டேவிட் பிராட்லி செஞ்சதுதான் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட். முதல்ல நிரலாளர்கள் வேலை பாக்கும்போது சட்டுனு மறுதொடக்கம் பண்ணத்தான் வச்சாராம். அது நம்ம தலையெழுத்தா ஆனது தனிக்கதை.)

மெமரியில பிட்டு தானா எப்படி மாறும்னு கேக்கலாம். 1978-லயே இன்டெலைச் சேர்ந்த டிமோதி மே, முர்ரே வுட்ஸ் ரெண்டு பேரும் ஒரு காரணத்தைப் பிடிச்சுட்டாங்க. சில்லைச் சுத்தி இருக்குற பீங்கான் உறையில யுரேனியம், தோரியம் துளியூண்டு கலந்திருந்தது. அதுலருந்து வர்ற ஆல்ஃபா துகள் பட்டு பிட்டு புரளுது. சில்லு கெடலை, அதுல இருந்த சேதிதான் கெட்டுச்சு.

சரி, இவ்ளோ தெரிஞ்சும் ஒன்பதாவது சில்லு எங்க போச்சு? காசு சார், காசு! எட்டு போதும்ங்கிற இடத்துல ஒன்பது வாங்கணும்னா எட்டுல ஒரு பங்கு கூடுதல் செலவு. 1990-கள்ல விலைப்போட்டி சூடு பிடிச்சப்ப பாரிட்டி இல்லாத மெமரி பரவலாச்சு. 1995-ல வந்த இன்டெலின் 430எஃப்எக்ஸ் சிப்செட்ல பாரிட்டிக்கு ஆதரவே கிடையாது. நீங்களா காசு குடுத்து ஒன்பதாவது சில்லு மாட்டினாலும் அதை யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. பிழையைத் திருத்துற ஈசிசி மெமரி சர்வர்களுக்குப் போயிடுச்சு. நம்மள மாதிரி ஆளுங்களோட மடிக்கணினில பெரும்பாலும் ரெண்டுமே இல்லை. அப்போதிருந்து நம்ம பொட்டிக்குத் தான் பொய் சொல்றோம்னே தெரியாது. பழி முழுக்க விண்டோஸ் மேல.

விண்டோஸ் மேல தப்பே இல்லைன்னு சொல்ல வரலை, அடிக்க வராதீங்க :-) ஆனா மைக்ரோசாஃப்ட்ல வேலை பாத்த ரேமண்ட் சென் 2005-ல ஒரு சுவாரசியமான விஷயம் எழுதினார். அவங்களுக்கு வந்த செயலிழப்பு அறிக்கைகள்ல சிலது நடக்கவே முடியாதது. மெமரியைத் தொடவே தொடாத ஒரு ஆணையில போய் விழுந்திருக்கு. தேடிப் பாத்தா, அதுல பல பொட்டிங்க நிர்ணயிச்ச வேகத்தைத் தாண்டி முடுக்கி விட்டது. வாங்கினவங்கள்ல சிலருக்கு அது தெரியவே தெரியாது, சின்னக் கடைகள்ல அப்படியே வித்திருக்காங்க. படிச்சப்ப எனக்கு ரிச்சி தெரு கண்ணுல வந்து போச்சு.

2009-ல கூகுள் சர்வர்களை வச்சு ஒரு ஆய்வு வந்தது. மெமரிப் பட்டைகள்ல வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கும் மேல பிழை காட்டுச்சாம். அதுலயும் பெரும்பகுதி ஏதோ கதிர் பட்டு ஒரு தடவை புரண்டது இல்லை, பட்டையே பழுது. அந்த சர்வர்கள்ல ஈசிசி இருந்ததாலதான் எண்ணவே முடிஞ்சது! அடுத்து 2011-ல மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பத்து லட்சம் சாதாரண பிசிக்களைப் பாத்தாங்க. எட்டு மாசத்துல குறைஞ்சது 30 நாள் ஓடின பொட்டிகள்ல, பிராசசர் சார்ந்த பழுதால விழுறதுக்கு வாய்ப்பு 190-ல ஒண்ணு. ஒரு தடவை விழுந்ததுன்னா மறுபடி விழ வாய்ப்பு 3.3-ல ஒண்ணு. வன்பொருள் பழுதுன்னா திரும்பத் திரும்ப வரும். மூணு ஃபார்மட்டுக்கு அப்புறமும் என் பொட்டி ஏன் திருந்தலைன்னு இதைப் படிச்சப்பதான் புரிஞ்சது.

ஒரு பிட்டு தானேன்னு லேசா நினைக்காதீங்க. 2003 மே மாசம் பெல்ஜியத்துல ஷேர்பேக்ங்கிற ஊர்ல மின்னணு வாக்குப்பதிவு. ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கச் சாத்தியமே இல்லாத அளவுக்கு ஓட்டு. திரும்ப எண்ணினா சரியா 4096 குறைஞ்சது. 2-ஐ பன்னிரண்டு தடவை பெருக்கினா 4096, அதாவது ஒரே ஒரு பிட்டு. காஸ்மிக் கதிர்தான் புரட்டிருக்கும்ங்கிறாங்க, நிரூபணம் ஆகலை. அசாத்தியமான எண்ணா இருந்ததால மாட்டிக்கிச்சு. நாலஞ்சு ஓட்டு கூடியிருந்தா?

என் கதைக்கு வர்றேன். கூட வேலை பாத்த நண்பர் ஒருத்தர்தான் மெம்டெஸ்ட்86+ போட்ட குறுந்தகடு ஒண்ணைக் குடுத்தார். விண்டோஸுக்குள்ள போகாம நேரா அதுலயே பொட்டியைத் துவக்கணும். மெமரி முழுக்க எழுதும், படிக்கும், ஒப்பிடும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கி, காலையில பாத்தா திரை பூரா சிவப்பு வரி. புது 1 ஜிபியைக் கழட்டிட்டு பழசை மட்டும் வச்சு இன்னொரு ராத்திரி ஓட்டினேன். ஒரு வரி கூட இல்லை. அந்தப் பொட்டி அதுக்கப்புறம் நாலு வருஷம் 512-லயே முக்கி முனகி ஓடுச்சு, உறையலை.

நண்பர்கிட்ட முதல்ல படங்களை வேற பொட்டில ஹார்ட் டிஸ்க்கை மாட்டி எடுத்துக்கோங்க, அந்தப் பொட்டியிலயே காப்பி பண்ணாதீங்க, அப்புறம் மெமரியைச் சோதிங்கன்னு சொல்லியிருக்கேன். இப்பல்லாம் விண்டோஸ்லயே ஒரு மெமரி சோதனை இருக்கு, ஆனா எனக்கென்னவோ மெம்டெஸ்ட் மேலதான் நம்பிக்கை. டிடிஆர்5 மெமரியில சில்லுக்குள்ளயே ஒரு திருத்தம் வச்சிருக்காங்க. அது சில்லுக்குள்ள நடக்குறதை மட்டும் பாத்துக்கும், வழியில கெட்டா அதுக்குத் தெரியாது.

அந்த 1 ஜிபி பட்டை இன்னும் மேசை டிராயர்ல கிடக்கு. சாம்பல் விழுந்த படங்களைப் பத்தி அக்காகிட்ட இன்னும் சொல்லலை.