திகாமடுல்லையும் நுவரெலியாவும்: தேர்தல் மறுசீரமைப்பின் உரைகல்

தேர்தல் முறையை மாற்றியமைப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், தொகுதிமுறையா விகிதாசாரமா என்ற ஒற்றைக் கேள்வியுடன் விவாதம் முடங்கிவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். தலைநகரில் வகுக்கப்படும் ஒரு சூத்திரம் கிராமப்புற மாவட்டமொன்றில் எவ்வாறு இயங்குகின்றது என்பதை எவரும் நின்று நோக்குவதில்லை. அம்பாறையையும் நுவரெலியாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த விவாதம் வேறு உருவம் பெறும்.

நெல்வயல்களும் கடற்கரைக் கிராமங்களும் குடியேற்றத் திட்டங்களும் கொண்ட அம்பாறையில் முஸ்லிம்கள், சிங்களவர், தமிழர் ஆகிய மூவரில் எவரும் தனித்துப் பெரும்பான்மையினர் அல்லர். தேயிலைத் தோட்டங்களைக் கொண்ட நுவரெலியாவில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மலையகத் தமிழரே பாதிக்கு மேற்பட்டோர். முதலாவது மாவட்டத்தில் ஏழு ஆசனங்கள், மற்றையதில் எட்டு.

2020ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் திகாமடுல்லையிலிருந்து ஒரு தமிழரும் தெரிவாகவில்லை. விநாயகமூர்த்தி முரளிதரன் தலைமையில் போட்டியிட்ட அகில இலங்கைத் தமிழர் மகாசபை ஏறத்தாழ 29,000 வாக்குகளையும் இலங்கைத் தமிழரசுக் கட்சி ஏறத்தாழ 25,000 வாக்குகளையும் பெற்றன. ஏறத்தாழ 43,000 வாக்குகள் பெற்ற அகில இலங்கை மக்கள் காங்கிரஸுக்கும் ஏறத்தாழ 39,000 பெற்ற தேசிய காங்கிரஸுக்கும் தலா ஓர் ஆசனம் கிடைத்தது. தமிழ் வாக்குகள் பிளவுண்டதே காரணம் என்று அன்று பேசப்பட்டது. அது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. இரு பட்டியல்களும் ஐந்து வீத வெட்டுப்புள்ளியைத் தாண்டியே இருந்தன. மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு வழங்கப்படும் மேலதிக ஆசனத்தை ஒதுக்கிய பின்னர் ஆறு ஆசனங்களே பங்கிடப்பட்டன. ஏழும் விகிதாசாரப்படி பங்கிடப்பட்டிருந்தால் ஏழாவது ஆசனம் முரளிதரனின் பட்டியலுக்கே சென்றிருக்கும். 2024இல் தமிழரசுக் கட்சி அங்கு ஓர் ஆசனத்தை மீட்டது, விதியோ மாறவில்லை.

அதே மேலதிக ஆசனம் நுவரெலியாவில் மலையகத் தமிழருக்கு இத்தகைய இடரை விளைவிப்பதில்லை. அங்கு மலையகக் கட்சிகள் பெரும்பாலும் தேசியக் கட்சிகளின் பட்டியல்களிலேயே போட்டியிடுகின்றன. 2020இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பொதுஜன பெரமுனவுடனும் தமிழ் முற்போக்குக் கூட்டணி ஐக்கிய மக்கள் சக்தியுடனும் நின்றன. விருப்பு வாக்குகளைச் செறிவாக அளித்ததன் மூலம் எண்மரில் ஐவரைத் தமிழராக்கினர் தோட்ட வாக்காளர். எண்ணிக்கையில் இது வெற்றியே. எனினும் வேட்பாளருக்கான இடத்தை இன்னொரு கட்சியின் தலைமையிடம் கேட்டுப் பெறவேண்டிய நிலை இதன் விலை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆகவே, ஓரிடத்தில் தனித்து நிற்பவன் ஆசனத்தை இழக்கின்றான். மற்றோரிடத்தில் சேர்ந்து நிற்பவன் சுயாதீனத்தை இழக்கின்றான். இவ்விரு குறைகளையும் ஒருங்கே தணிக்கும் ஏற்பாடு கட்சிகளைக் கடந்து வரிசைப்படுத்தும் மாற்று வாக்கே என்பது எமது கருத்து. இன்றைய விருப்பு வாக்கு ஒரே பட்டியலுக்குள் அடைபட்டது. ஜனாதிபதித் தேர்தலில் மூவரை வரிசைப்படுத்தும் உரிமை வாக்காளருக்கு உண்டு. பாராளுமன்றத் தேர்தலில் மட்டும் ஏன் இல்லை? மாற்று வாக்கு இருந்திருப்பின், திருக்கோவிலிலோ காரைதீவிலோ ஒரு பட்டியலுக்கு அளித்த வாக்கு அது தோற்றபோது இன்னொன்றுக்குப் போயிருக்கும். மஸ்கெலியாவில் சொந்தச் சின்னத்தில் நிற்பது தற்கொலைக்கு ஒப்பானதாக இராது.

தொகுதிமுறைக்கு மீள்வோம் என்போர் 1977ஐ நினைவிற்கொள்ள வேண்டும். 1976ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயம் பொத்துவிலை இரு அங்கத்தவர் தொகுதியாகவும் நுவரெலியா-மஸ்கெலியாவை மூன்று அங்கத்தவர் தொகுதியாகவும் வகுத்தது. பொத்துவிலில் ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் தெரிவாயினர். நுவரெலியா-மஸ்கெலியாவில் காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க ஆகியோருக்கு அடுத்து மூன்றாவதாக வந்த சௌமியமூர்த்தி தொண்டமானும் பாராளுமன்றம் புகுந்தார். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்றிருந்தால் அது நடந்திராது. நுவரெலியா-மஸ்கெலியா இன்றும் ஒரே வாக்களிப்புத் தொகுதியே. கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை மூன்றும் சேர்ந்தாலும் அதன் வாக்காளர் தொகைக்கு ஈடாகாது. எல்லைகளைத் திருத்தாது தொகுதிமுறையைத் திணித்தால் யார் பலியாவர் என்பதை விளக்கத் தேவையில்லை.

எல்லை நிர்ணயத்தின் மீதான ஐயம் கற்பனையன்று. 2017இல் மாகாண சபைகளுக்குக் கலப்பு முறை கொண்டுவரப்பட்டது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றமே நிராகரித்தது. அதன்பின் மாகாண சபைத் தேர்தல்கள் ஆண்டுக்கணக்கில் முடங்கின. உள்ளூராட்சி சபைகளில் 60:40 கலப்பு முறை 2018 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் பல அங்கத்தவர் வட்டாரங்கள் உள்ளன. ஆனால் அங்கே முதலிடம் பெறும் கட்சியே அத்தனை ஆசனங்களையும் எடுத்துக்கொள்கின்றது. பொத்துவிலிலும் மஸ்கெலியாவிலும் 1977இல் சிறுபான்மையினருக்கு வாயிலைத் திறந்த ஏற்பாடு, பெயரளவில் அதுவாகவே இருந்து, இப்போது அதை மூடுகின்றது. புதிய சட்டத்தை வரைவோர் முதலில் நீக்கவேண்டிய பிரிவு இதுவே.