விஸ்னா: ஐஸ்லாந்து ஆடுகள் கற்றுத்தந்த பாடம்

மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகள் பலவற்றுக்கும் இத்தகைய உறை உண்டு. கொழுப்பு மிகுந்த இவ்வுறையின் பெயர் மயலின். இது சிதைந்தால் நரம்புச் செய்திகள் தடைப்படும், கால் தள்ளாடும், பார்வை மங்கும். மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் நிகழ்வது இதுவே.

நோய் தொடங்கும் வேளையில் மனித மூளையை எடுத்துச் சோதிக்க இயலுமா? இயலாது. ஆகவே, இதையொத்த நோய் விலங்குகளில் உண்டா என அறிஞர்கள் தேடினர். விடைகளுள் ஒன்று ஐஸ்லாந்தின் செம்மறி ஆடுகளிடம் கிடைத்தது.

1933ஆம் ஆண்டு, தம் ஆட்டினத்தை மேம்படுத்த விரும்பிய ஐஸ்லாந்து மக்கள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 20 கராகுல் ஆடுகளை வரவழைத்தனர். இரண்டு மாதம் தனியே வைத்துக் கண்காணித்தனர். நோய்க்குறி எதுவும் தென்படவில்லை. ஆடுகள் பண்ணைகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன.

சில ஆண்டுகள் சென்றன. ஆடுகள் மூச்சுத் திணறி மடியலாயின. சில மந்தைகளில் வேறொரு கோலம்: பின்னங்கால்கள் தளர்ந்து, உடல் மெலிந்து, ஆடுகள் எழமுடியாமல் விழுந்தன. இதை மக்கள் 'விஸ்னா' என்றனர். மெலிந்து வாடுதல் என்பது அச்சொல்லின் பொருள்.

கெல்டூர் ஆய்வு நிலையத்தில் பியோர்ன் சிகுர்ட்ஸன் இந்நோயை ஆராய்ந்தார். நோயுற்ற ஆட்டின் மூளைப் பொருளை நல்ல ஆடுகளின் மூளையில் செலுத்தினார். சில வாரங்களிலேயே மூளைத் தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் பெருகின. ஆனால் ஆடு தள்ளாடுவதற்கோ பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூட ஆயின! வெளியே நலம்; உள்ளே நோய். இத்தகைய நோய்களுக்கு 1954இல் அவர் 'மெதுத் தொற்று' எனப் பெயரிட்டார். விஸ்னா மயலினைச் சிதைக்கும் தொற்றுநோய் என்பதை 1957இல் அவரும் கூட்டாளிகளும் விளக்கினர். 1959இல், 46ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இரண்டு மாதக் கண்காணிப்பு ஏன் பயன்படவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அத்தவறுக்கு ஐஸ்லாந்து கொடுத்த விலை பெரிது. நோயை ஒழிக்க லட்சக்கணக்கான ஆடுகளைக் கொல்ல நேர்ந்தது. 1965இல்தான் நோய் ஓய்ந்தது.

ஆனால் ஆடு மனிதனன்று என்பதையும் மறக்கலாகாது. விஸ்னா வைரஸ் மனிதரின் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் காரணமாகவில்லை. 2022இல் வெளியான பெரியதோர் ஆய்வு எப்ஸ்டீன்-பார் என்ற வேறொரு வைரஸையே சுட்டியது. எனினும் ஆட்டின் பாடம் வீண்போகவில்லை. எய்ட்ஸை உண்டாக்கும் வைரஸ் விஸ்னா வைரஸின் உறவினம் என்பது 1985இல் தெரியவந்தது. அதுவும் ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து தாக்குவதே.

நோய்க்குறி இல்லை என்பதாலேயே நோய் இல்லை என்று முடிவு செய்யலாகாது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டியவை அந்த வாயில்லாச் சீவன்கள்.