கழக்கூட்டத்து மாமா கடையும் சில பெரிய கடைகளும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கழக்கூட்டத்திலிருந்து போன். மாமா பையன்.

"அத்தான், கடையை என்ன செய்யலாம்? செல்போன் கடைக்காரன் ஒருத்தன் நல்ல வாடகை தாறேன்னு சொல்லுகான். அப்பாட்ட கேட்டா பதிலே பேச மாட்டேங்காரு. நீங்க பெரிய கடைக்காரங்களுக்குத்தானே வேலை பாக்கிய, உங்களுக்குத் தெரியாதா?"

நான் இருப்பது அமெரிக்காவில், ஆர்க்கன்சா மாநிலத்து பென்டன்வில் என்கிற ஊரில். வால்மார்ட்டின் தலைமையகம் இங்கேதான். பெரிய கடைகளுக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதற்கு முன்னால், 2003-லிருந்து நாலு வருஷம், கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் குப்பை கொட்டினேன். அந்த நாலு வருஷமும் ராத்திரிச் சாப்பாடு மாமா வீட்டில். ஆக, சாப்பிட்டது சின்னக் கடையில், சம்பாதிப்பது பெரிய கடையில். நடுநிலையாக எழுத எனக்குத் தகுதி உண்டா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் :-)

மாமா பையனிடம் ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததும் யோசித்ததும்தான் இது. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கடை என்றால் நமக்கு ஏசியும் தள்ளுவண்டியும்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த மண்ணுக்கு முதல் 'பெரிய கடை' வந்தது 18ஆம் நூற்றாண்டிலேயே. கழக்கூட்டத்துப் பிள்ளை உட்பட எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்கிற குறுநிலப் பிரபுக்களை 1730களில் ஒடுக்கினார் மார்த்தாண்ட வர்மா. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். 1743-ல் மிளகை அரசின் தனி உரிமையாக்கினார். விளைவிக்கிறவன் மிளகை அரசுப் பண்டகசாலைக்குத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் அரசு சொல்கிற விலைக்கு. அந்த லாபம்தான் படையை நடத்தியது, திருவிதாங்கூர் என்கிற ராஜ்ஜியத்தைக் கட்டியது. அதே சமயம் மிளகுக் கொடிக்காரனுக்கு விற்க ஒரே ஒரு வாசல்தான் மிச்சம். வெளியில் விலை கூடினால் மிளகு திருட்டுத்தனமாக மலை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

இந்த 'வாசல்' விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

அடுத்தது சாலை. திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டைக்கு வெளியே இருக்கிற சாலை பஜாரைத்தான் சொல்கிறேன். 'சின்ன வியாபாரிகளின் சொர்க்கம், மால் வந்து அழிக்கிறது' என்று அதைப் பற்றிப் புலம்பாதவர் இல்லை. ஆனால் அதுவே மேலிருந்து போட்ட திட்டம்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ், தலைநகரத்துக்கு ஒரு பெரிய சந்தை வேண்டும் என்று உருவாக்கியது. நாஞ்சில் நாட்டு நெல்லும் மற்ற சரக்கும் வந்து இறங்க வழி செய்தார். நம் ஆட்கள் ஏராளமானோர் அங்கே கடை போட்டது அப்படித்தான். இன்றைக்கும் சாலைத் தெருவில் நடந்தால் தமிழ் காதில் விழும். 'பிழைக்கப் போனவர்கள்' என்று அவர்களைச் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்ஜியம், ஒரே மாநிலம்.

பழைய சந்தையைப் பற்றி ரொம்பவும் உருகிவிடவும் கூடாது. பொதுவழியில் நடக்கவும் சந்தைக்குள் நுழையவும் உரிமை கேட்டு 1890களில் அய்யன்காளி அதே வட்டாரத்தில் போராட வேண்டியிருந்தது. 1893-ல் அவர் வில்லுவண்டியில் போனது கேரளத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. மாலில் யாரும் யாரையும் சாதி கேட்டு நிறுத்துவதில்லை. இதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

இனி மாமா கடைக்கு வருவோம்.

மாமா நாகர்கோவிலிலிருந்து போய் கழக்கூட்டத்தில் பலசரக்குக் கடை வைத்தது எண்பதுகளின் கடைசியில். 1990-ல் டெக்னோபார்க் ஆரம்பித்தபோது பக்கத்தில் எல்லாம் தென்னையும் மரவள்ளியும்தான். அப்போதே மாமாவுக்குப் போட்டி உண்டு, அது அரசாங்கத்தின் கடை. கேரள சிவில் சப்ளைஸ் கார்ப்பரேஷன், அதாவது சப்ளைகோ, 1974-ல் தொடங்கியது. அதன் மாவேலி ஸ்டோரில் அரிசி, பயறு, மிளகாய் என்று 13 சாமான்கள் மானிய விலைக்குக் கிடைக்கும். மாமா அந்தச் சாமான்களில் லாபம் பார்க்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, சோப்பு, பிஸ்கட், எண்ணெயில் பார்த்தார்.

தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்திலேயே பிறந்தது மார்ஜின் ஃப்ரீ மார்க்கெட். நுகர்வோர் சங்கத்துக்காரர்கள் தொடங்கி, உள்ளூர் ஆட்களே கிளைகளை நடத்தினார்கள். எம்.ஆர்.பி. விலைக்கும் கீழே விற்பதுதான் அதன் தந்திரம். 'கடை போச்சு' என்று மாமா முதல் முறை பயந்தது அப்போதுதான். ஆனால் போகவில்லை. எடை போட்டுப் பொட்டலம் கட்டுவதும், ராத்திரி பத்தரை வரை திறந்திருப்பதும், பற்று நோட்டும் அவரைக் காப்பாற்றின.

பற்று நோட்டு என்றால் தெரியும்தானே? மாசக் கடைசியில் கணக்குத் தீர்க்கிற கடன் நோட்டு. என் பேரிலும் ஒரு பக்கம் இருந்தது. முதல் வேலையில் இரண்டு மாசம் சம்பளம் வராமல் இழுத்தபோது என் அறைத் தோழர்கள் நாலு பேரும் அந்த நோட்டில்தான் சாப்பிட்டார்கள். மாமா ஒரு தடவைகூட கேட்கவில்லை. மாமி கேட்டாள், அது வேறு கதை.

பிறகு 2018-ல் பைபாஸில் மால் ஆஃப் டிராவன்கூர் வந்தது. 2021 டிசம்பரில் கழக்கூட்டத்திலிருந்து சில கிலோமீட்டரில், ஆக்குளத்தில் லுலு மால் திறந்தது. மாமா கடையில் வியாபாரம் விழுந்தது என்பது உண்மை. மாமா பையன் கணக்கு நோட்டையெல்லாம் படம் எடுத்து அனுப்பியிருந்தான், உட்கார்ந்து பார்த்தேன். சரிவு மாலோடு தொடங்கவில்லை. 2018 கடைசியில் கழக்கூட்டம் மேம்பால வேலை தொடங்கி, வண்டி நிறுத்த இடமில்லாமல் போனதிலிருந்தே இறங்குமுகம். 2020-ல் கொரோனா வந்து ஐ.டி. பிள்ளைகள் எல்லாரும் ஊருக்குப் போனதும் பெரிய பள்ளம். மால் திறந்ததும் இன்னும் கொஞ்சம் இறங்கி, 2022 கடைசியில் பாலம் திறந்தபிறகு மெல்ல ஏறியிருக்கிறது. இப்போது மறுபடி இறங்குகிறது. அதற்குக் காரணம் போனில் அழுத்தினால் பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிடும் சேவைகள் என்கிறான் அவன்.

பெரிய கடை விவாதங்களில் நான் பார்க்கிற முதல் ஓட்டை இதுதான். மால் வந்தபின் கடை மூடினால், மாலால்தான் மூடியது என்று சொல்லிவிடுகிறோம். மறுபக்கத்துக்காரர்களும் இதே தப்பைச் செய்கிறார்கள். மால் வந்தபின் ஊர் வளர்ந்தால், மாலால்தான் வளர்ந்தது என்கிறார்கள். வளர்கிற ஊராகப் பார்த்துத்தானே மால் கட்டுகிறான்?

நான் இருக்கும் ஊரை வைத்தே இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பார்த்திருக்கிறார்கள். சாம் வால்டன் 1950-ல் பென்டன்வில் சதுக்கத்தில் ஒரு சின்னக் கடை வைத்தார். முதல் வால்மார்ட் 1962-ல் பக்கத்து ஊரான ராஜர்ஸில். அங்கிருந்து வட்டம் வட்டமாகப் பரவியது. டேவிட் நியூமார்க் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் கூட்டாளிகளும், பென்டன்வில்லிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்துக் கணக்குப் போட்டு 2008-ல் வெளியிட்டார்கள். ஒரு வால்மார்ட் வேலைக்குச் சுமார் 1.4 சில்லறை வணிக வேலைகள் போகின்றன என்று அவர்கள் முடிவு. எமெக் பாஸ்கர் என்பவர் 2005-ல் வேறு வழியில் கணக்கிட்டு, முதல் வருஷம் ஒரு மாவட்டத்துக்கு 100 வேலை கூடும், ஐந்து வருஷத்தில் அதில் பாதி போய்விடும் என்றார். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், ஆனால் பதில்கள் எதிரெதிர். யாராவது 'ஆய்வு நிரூபித்துவிட்டது' என்று மேசையைத் தட்டினால், எந்த ஆய்வு என்று கேளுங்கள்.

நம் நாட்டிலும் கணக்கு உண்டு. 2006, 2007-ல் ரிலையன்ஸ் ஃப்ரெஷ் போன்ற கடைகள் வந்து, ராஞ்சியில் அடிதடி, உத்தரப் பிரதேசத்தில் அரசே மூடச் சொன்னது என்று கலவரமான சமயம். மத்திய அரசு கேட்டு டெல்லியின் ஐ.சி.ஆர்.ஐ.இ.ஆர். நிறுவனம் 2008-ல் அறிக்கை தந்தது. பெரிய கடைக்குப் பக்கத்திலிருக்கும் சின்னக் கடைகளில் வருஷத்துக்கு 4.2 சதவீதம் மூடுகின்றன, பெரிய கடையின் போட்டியால் மட்டும் மூடுவது 1.7 சதவீதம், அடி முதல் சில வருஷங்களில் பலமாக இருந்து பிறகு தணிகிறது என்றது. அழிவும் இல்லை, ஒன்றுமே ஆகவில்லை என்றும் இல்லை. 2012-ல் மத்திய அரசு வெளிநாட்டுக்காரர்களுக்கு 51 சதவீதம் அனுமதித்து, முடிவை மாநிலங்களுக்கு விட்டது. எதிரெதிர்க் கட்சிகள் ஆண்ட தமிழ்நாடு, கேரளம் இரண்டும் வேண்டாம் என்றன. ஆனால் கழக்கூட்டத்துப் பக்கம் வந்த பெரிய கடை வெளிநாட்டுக்காரனுடையதே அல்ல. 1973-ல் நாட்டிகையிலிருந்து அபுதாபிக்குப் போன யூசுப் அலியின் நிறுவனம் அது.

இதை நினைத்தால் 'பணம் ஊரைவிட்டுப் போகிறது' என்கிற வாதமும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. மாமா கழக்கூட்டத்தில் சம்பாதித்த லாபம் எங்கே போனது? நாகர்கோவிலில் மாடி வீடாகவும் இரண்டு பெண்களின் கல்யாணமாகவும். மாலில் செலவாகிற பணம் எங்கிருந்து வருகிறது? பாதி வளைகுடாவிலிருந்து வந்திருக்கும். நானே மாசாமாசம் ஊருக்கு அனுப்புகிறேன். நம்மைப் போன்ற ஓடிப்போன குடும்பங்கள் 'உள்ளூர்ப் பணம்' என்று கோடு கிழிப்பது அவ்வளவு சுலபமில்லை.

காய்கறியையும் பாருங்கள். கேரளம் சாப்பிடுவதில் பெரும்பங்கு ஒட்டன்சத்திரம், தென்காசிப் பக்கத்திலிருந்து போகிறது. ஆக, கழக்கூட்டத்தின் 'உள்ளூர்ப் பொருளாதாரத்தில்' ஆலங்குளத்து விவசாயியும் சேர்த்திதான். பெரிய கடைகள் நேரடியாக வாங்கினால் அவருக்குக் கமிஷன் மண்டி தவிர இரண்டாவது வாசல் திறக்கும், நல்லது. மண்டி செத்துப்போய்ப் பெரிய கடை மட்டும் மிஞ்சினால்? அது 1743-ன் மிளகுப் பண்டகசாலை.

என் முடிவுக்கு வந்துவிட்டேன். கடை பெரிசா சின்னதா என்பது எனக்கு இப்போது இரண்டாவது கேள்விதான். பெரிசு வந்தபின் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் வேலை பார்க்கிறவனுக்கும் இன்னொரு வாசல் மிச்சம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கழக்கூட்டத்தில் வாங்குகிறவருக்கு மாவேலி உண்டு, மார்ஜின் ஃப்ரீ உண்டு, மால் உண்டு, மாமாவும் உண்டு. அதனால் விலை அடங்கிக் கிடக்கிறது. அந்த மாவேலியும் அசைக்க முடியாதது இல்லை. 2023-ல் சப்ளைகோ அலமாரிகள் பல இடங்களில் காலியாகக் கிடந்தன, 2024-ல் மானிய விலையை ஏற்றினார்கள்.

வேலை பார்க்கிறவர்களுக்கு வாசல் இன்னும் குறுகல். கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு உட்காரும் உரிமைகூட கேரளத்தில் 2018-ல்தான் சட்டமானது, கோழிக்கோட்டுப் பெண்கள் போராடியதால். தமிழ்நாட்டில் 2021-ல். ஒரு நாற்காலிக்கு இவ்வளவு காலம். அதே சமயம் மாமா கடைப் பையனுக்கு பி.எஃப். கிடையாது, வார லீவும் கிடையாது. மாமா என்பதற்காக மறைக்க முடியுமா?

நேற்று மாமா பையனுக்குப் போன் செய்து இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். மால் உன் கடையைக் கொல்லவில்லை, ஆனால் கடை இனி வளரவும் வளராது, உனக்குப் பிடித்த வேலை வேறு இருந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம் என்றேன். ஒன்று மட்டும் கேட்டேன். இப்போது பற்று நோட்டில் யார் யார்?

வாசித்தான். வங்காளத்திலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்கள், இரண்டு செக்யூரிட்டிகள், ஆஸ்டல் சமையல்கார அம்மா, ஒரு ஆட்டோக்காரர். கார்டு தேய்க்க முடியாதவர்கள், போனில் அழுத்தி வாங்கினாலும் அன்றைக்கே காசு கொடுக்க முடியாதவர்கள். மால் இருக்கிறது, மாவேலி இருக்கிறது, ஆனால் கையில் காசில்லாத இருபத்தைந்தாம் தேதிக்கு இவர்களுக்கு இருக்கிற வாசல் இந்த ஒன்றுதான். இருபது வருஷம் முன்னால் நானும் அந்த வரிசையில்தான் நின்றேன்.

மாமா போனை வாங்கினார். ரொம்ப நாளைக்குப் பிறகு பேசினார்.

"மக்களே, நோட்டுல உள்ள பற்றெல்லாம் தீரட்டும். பொறவு வாடகைக்கு விடலாம்."

மாமா பையன் சிரித்தது பின்னால் கேட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் அந்த நோட்டு ஒரு மாசம்கூடத் தீர்ந்ததில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.