பட்டறையும் பயிலரங்கும்: சேலம், நாமக்கல் சமவெளியில் எழுத்துத் தொழிற்பயிற்சி பற்றிய ஓர் ஆராய்ச்சி

சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ ஒருவரை நிறுத்திப் 'பட்டறை எங்கே இருக்கிறது?' என்று வினவினால், அவர் வெள்ளிக் கொலுசு செய்யும் வீடொன்றைச் சுட்டிக் காட்டுவாரேயன்றி, மண்டபத்தில் நாற்காலிகளை வரிசையிட்டு ஒருவர் பேசப் பலர் கேட்டிருக்கும் கூட்டத்தைக் கனவிலும் கருதமாட்டார். வெள்ளியை உருக்குவதும், கம்பியாக இழுப்பதும், கண்ணி கோத்துப் பற்றவைப்பதும், மெருகிடுவதுமாகிய வேலைகள் நடக்கும் அவ்விடத்தில், புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கொலுசின் இலக்கணத்தைப் பற்றி எவரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. அவன் பற்றவைத்த கண்ணி விட்டுப்போயிருந்தால் அதை அவன் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தச் சொல்லை எழுத்துலகம் அண்மைக் காலத்தில் கடனாகப் பெற்றிருக்கிறது. சிறுகதைப் பட்டறை, திரைக்கதைப் பட்டறை, மொழிபெயர்ப்புப் பட்டறை என்று அழைப்பிதழ்கள் அச்சாகின்றன. சொல்லைப் பெற்றவர்கள் அதனோடு தொழில்முறையையும் பெற்றார்களா என்பதே இவ்வியாசத்தின் வினா. சேலத்துக்குக் கிழக்கே ஆத்தூர்ச் சாலையில் உள்ள அயோத்தியாப்பட்டணத்தை நிலைக்களமாகக் கொண்டு, அதனைச் சூழ்ந்த சமவெளியில் சென்ற ஒரு நூற்றாண்டுக் காலத்தில் எழுத்தாளர் உருவான மூன்று இடங்களை ஆதாரமாக வைத்து இதற்கு விடை காண முயல்வோம்.

எழுத்து கற்பிக்கப்படக்கூடியதன்று, அது பிறவியிலேயே வாய்க்க வேண்டிய வரம் என்னும் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருப்பதை அறிவோம். ஆயினும் நம்முடைய பழைய நூலோர் அவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டித் தோன்றிய நன்னூலில், பவணந்தி முனிவர் கல்வியின் கணக்கை ஒரு வணிகர் பேரேட்டில் எழுதுவது போலப் பகுத்து வைத்திருக்கிறார்: ஆசிரியன் சொல்வதை எவ்வளவு செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது காற்பங்கு, உடன்பயில்வோருடன் கலந்து பழகுவதால் வருவது இன்னொரு காற்பங்கு, எஞ்சிய அரைப்பங்கும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். இது இலக்கணம் பயில்வோர்க்குச் சொன்ன விதியாயினும் எழுத்துத் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் ஒன்றை நான் கண்டதில்லை. அமெரிக்க நாட்டில் ஐயோவா பல்கலைக்கழகம் 1936ஆம் ஆண்டு தொடங்கிய எழுத்தாளர் பட்டறையில், மாணவரின் ஆக்கத்தையே நடுவில் வைத்து உடன்பயில்வோர் அனைவரும் ஆராயும் முறை நிலைபெற்றதென்றால், அது பவணந்தியாரின் இரண்டாம் காற்பங்கைத் தனியே எடுத்து வளர்த்த முயற்சி என்றே கொள்ளலாம்.

இவ்வளவுகோலை இன்றைய ஒருநாள் பயிலரங்குகளின்மேல் வைத்துப் பார்ப்பது சற்று இரக்கமற்ற செயலாகவே தோன்றும். முற்பகலில் வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, உணவுக்குப் பின் 'கதை பிறந்த கதை' என்று மூத்த எழுத்தாளர் ஒருவரின் நினைவுகள், மாலையில் சான்றிதழ், இறுதியில் குழுப் புகைப்படம். வந்தவர் ஐம்பதின்மரும் அங்கே ஒரு பக்கமேனும் எழுதியிருக்கமாட்டார்கள். எழுதிக் கொணர்ந்தவரின் கையெழுத்துப் பிரதி பைக்குள்ளிருந்து வெளியே வராமலேயே வீடு திரும்பும். நன்னூலார் கணக்கில் இது முதற் காற்பங்கு. அதுவும் செம்மையாகக் கேட்டிருந்தால். இத்தகைய கூட்டங்களால் ஊக்கம் பிறக்கிறது என்பதையோ, ஊர்தோறும் வாசகர் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள் என்பதையோ நான் மறுக்கவில்லை. அவற்றைப் பட்டறை என்று அழைப்பதில்தான் எனக்கு ஆட்சேபம்.

இனி நம் சமவெளிக்கு வருவோம். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டு ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்து 1929இல் மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 'விமோசனம்' என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கியபோது, அதன் ஆசிரியப் பணியில் தமக்குத் துணையாக அவர் அழைத்துக்கொண்டவர் ரா. கிருஷ்ணமூர்த்தி, அதாவது கல்கி. கல்கி அப்போது கற்றுக்குட்டி அல்லர், திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் சில ஆண்டுகள் உதவியாசிரியராக இருந்து கை பழகியவர். எனினும் நவசக்தியின் வாசகர் வேறு, விமோசனத்தின் வாசகர் வேறு. கள்ளுக்கடைக்குப் போகும் குடியானவனுக்கும், அவன் வரவை எண்ணி அடுப்படியில் காத்திருக்கும் அவன் மனைவிக்கும், ஒருவர் படிக்க மற்றவர் கேட்டுப் பொருள் விளங்குமாறு எழுத வேண்டிய கட்டாயம் புதுப்பாளையத்தில் நேர்ந்தது. ஒரே ஒரு விஷயத்தை, அதுவும் உபதேச வாடை வீசும் விஷயத்தை, மாதந்தோறும் சலிப்புத் தட்டாமல் கதையாகவும் நகைச்சுவையாகவும் உருமாற்றிக் கொடுப்பது எத்தகைய அப்பியாசம் என்பதை எழுதிப் பார்த்தவரே அறிவர். 1931ஆம் ஆண்டு முதல் 'ஆனந்த விகட'னில் கல்கி காட்டிய சரளமான நடை வானத்திலிருந்து குதித்ததன்று; அதன் ஒரு வேர் இந்த வறண்ட புதுப்பாளையத்து மண்ணில் இருக்கிறது.

குருவின் நிழலில் வளர்பவன் குருவின் நகலாகிவிடுவான் என்று அஞ்சுவோர் உண்டு. ராஜாஜியின் எழுத்து சிக்கனமானது; சொல்லை எண்ணிச் செலவிடுவது. கல்கியின் எழுத்தோ வெள்ளம். அருகிருந்து பழகியும் நகலெடுக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டியதில்லை. அவர் அங்கே பெற்றது நடையை அன்று. யாருக்காக எழுதுகிறோம் என்ற இடைவிடாத நினைவை.

இரண்டாவது இடம் சேலத்தில் ஏற்காடு சாலையில், இன்று முகப்பு வளைவு மட்டும் எஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ். டி. ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டு தொடங்கிய அந்நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது என்பதும், 1938இல் வெளிவந்த முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' அங்கே உருவாயிற்று என்பதும் திரைப்பட வரலாறு அறிந்தோர்க்குப் புதிதல்ல. நமக்கு வேண்டியது அதன் கதை இலாகா. எழுத்தாளர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, நடிகர்களுக்கும் தச்சர்களுக்கும் போலவே அவர்களுக்கும் வேலை நேரம் வகுத்து, எழுதிய காட்சியை உடனுக்குடன் படமாக்கும் ஏற்பாடு அங்கே இருந்தது. 1950இல் 'மந்திரி குமாரி'க்கு வசனம் எழுதிய மு. கருணாநிதி, அந்நிறுவனத்தின் 'சண்டமாருதம்' பத்திரிகையைக் கவனித்து அதன் வழியே கதை இலாகாவுக்கு வந்த கண்ணதாசன், 1952இல் 'வளையாபதி'க்கு எழுதிய பாரதிதாசன் என்று அங்கே பேனா பிடித்தவர்களின் வரிசை சிறியதன்று. புகழ் முற்றிய கவிஞரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞரும் ஒரே வளாகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். உடன்பயில்வோரால் வரும் காற்பங்கு என்பது இதுதான். அதோடு, எழுதிய வசனம் நடிகரின் வாயில் ஏறும்போது எங்கே இடறுகிறது, எந்தச் சொல்லில் மூச்சு முட்டுகிறது என்பதைச் சிலநாளிலேயே காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வளவு விரைவான தேர்வு முறையை வகுத்ததில்லை.

சுந்தரம் கால ஒழுங்கில் கண்டிப்புக்குப் பேர்போனவர். இவ்விடத்தில் அயோத்தியாப்பட்டணத்துக் கோதண்டராமர் கோயிலின் ஐதிகம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. இலங்கையிலிருந்து திரும்பும் வழியில், அயோத்தி போய்ச் சேருமுன்பே பட்டாபிஷேக முகூர்த்தம் நெருங்கிவிட்டதால், இராமபிரானுக்கு இவ்வூரிலேயே முடி சூட்டினார்கள் என்பர் உள்ளூர் மக்கள். ஊர் எவ்வளவு தொலைவாயினும் முகூர்த்தம் தவறலாகாது என்னும் அவ்வுணர்ச்சி, வாரப் பத்திரிகைக்கும் படப்பிடிப்புக்கும் எழுதியவர்களுக்கு நன்கு தெரிந்ததே. உத்வேகம் வரட்டும் என்று காத்திருப்பவர் எழுத்தை ஜீவனமாகக் கொள்ள இயலாது.

ஆனால் மாடர்ன் தியேட்டர்ஸ் முறையில் ஒரு பெருங்குறை உண்டு. அதனை மூடி மறைத்துப் புகழ்வது நேர்மையாகாது. சம்பளத்துக்கு எழுதுபவன் எழுதியதன் முதல் உரிமை, வேறு உடன்படிக்கை இல்லாதவரையில், சம்பளம் கொடுப்பவரையே சாரும். பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த 1914ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, சுதந்திர இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் சரி, இவ்விஷயத்தில் ஒரே நிலையில் நிற்கின்றன. நிரந்தர வேலையின் பாதுகாப்புக்கு எழுத்தாளன் கொடுத்த விலை அது. இன்றைய சுயேச்சை எழுத்தாளரின் நிலையோ நேர் எதிரானது: அவருக்குச் சம்பளம் இல்லை, இலாகா இல்லை, அருகிருந்து திருத்துவோர் இல்லை, ஆனால் உரிமை அவருடையது. அந்த ஒரே சொத்தைப் பற்றி எந்தப் பயிலரங்கும் அவருக்கு வாய் திறந்து சொல்வதில்லை என்பதுதான் விசித்திரம்.

மேற்படி 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவைச் சிறிது விரித்துச் சொல்ல வாசகர் அனுமதிப்பாராக. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பம் வேண்டும். எந்த ஆக்கம், எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டுகள், எந்த நிலப்பரப்பு என்பன குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டுமே என்று கொள்ளப்படும். உரிமையைப் பெற்றவர், உடன்படிக்கையில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அவ்வுரிமை அற்றுப்போகும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், திரைப்படத்துக்கு எழுதுவோர்க்குத் திரையரங்குக் காட்சிக்குப் புறம்பான பயன்பாடுகளிலிருந்து வரும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கை உறுதிசெய்தது. இவற்றை அரைமணி நேரத்தில் சொல்லிவிடலாம். கதையின் முதல் வரியை எப்படி அமைப்பது என்று ஒரு மணி நேரம் பேசுவோர் இந்த அரைமணியை ஒதுக்காததற்குக் காரணம், பணத்தைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்கு இழுக்கு என்ற நம் பழைய கூச்சமேயன்றி வேறில்லை. பாடிப் பரிசில் பெற்ற புலவர் மரபில் வந்தவர்களுக்கு இந்தக் கூச்சம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ அறியேன். அண்டையிலுள்ள கேரளத்தில் 1945ஆம் ஆண்டு கோட்டயத்தில் எழுத்தாளர் பன்னிருவர் 120 ரூபாய் முதலீட்டில் சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தங்கள் நூல்களைத் தாங்களே பதிப்பித்துக்கொண்டபோது, அவர்களை எவரும் வணிகர் என்று இகழவில்லை.

மூன்றாவது இடம் நாமக்கல். அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பெருமாள்முருகன் தம் இல்லத்து மொட்டை மாடியில் மாதந்தோறும் நடத்திய 'கூடு ஆய்வுச் சந்திப்பு' சம்பளமோ சான்றிதழோ தந்ததில்லை. மாணவர் எழுதிக் கொணர்ந்து வாசிப்பர், மற்றவர் வினவுவர், வாசித்தவர் விடை சொல்வர். அந்த மாடியின் விளைச்சலாக 2013இல் வந்த 'சாதியும் நானும்' என்ற தொகுப்பில் முப்பத்திரண்டு கட்டுரைகள் உள்ளன. எழுதியோர் பெரும்பாலும் அவருடைய மாணவர்கள். தம் வாழ்வில் சாதி குறுக்கிட்ட கணத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்ல, ஒரு தனி மனிதனின் துணிச்சலினும் கேட்போர் வட்டம் ஒன்றின் இருப்பே பெரிதும் துணைசெய்யும். கேட்பவர் இருந்தாலன்றி உரைத்தல் நிகழாது. உரைத்தல் நிகழாவிடில் நன்னூலாரின் அரைப்பங்கு வெறுங்கணக்காகவே நின்றுவிடும். இதே ஆசிரியர் தம் நாவலொன்றின் பொருட்டு 2015 ஜனவரியில் எழுத்தையே துறப்பதாக அறிவிக்க நேர்ந்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டும் எழுதுமாறு தீர்ப்பளித்ததும், எழுத்துத் தொழிலின் அபாயங்கள் இலக்கணத்துக்குள் அடங்குவன அல்ல என்பதைச் சமவெளி முழுவதற்கும் உணர்த்தின.

மூன்று இடங்களையும் ஒப்பிட்டால், நிறுவனத்தின் பெயரும் நோக்கமும் எவ்வளவு வேறுபட்டாலும், எழுதிய தாள் எழுதியவன் கைக்குத் திரும்பி வந்தது என்பது மூன்றுக்கும் பொது. ஓரிடத்தில் வாசகனின் தேவை அதைத் திருப்பி அனுப்பியது. ஓரிடத்தில் நடிகரின் நாக்கு. ஓரிடத்தில் நண்பரின் கேள்வி.

அயோத்தியாப்பட்டணம் ஆத்தூர்ச் சாலையும் அரூர்ச் சாலையும் பிரியும் ஊர்; சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் ரயில் வழியிலும் உள்ளது. வாழப்பாடியிலிருந்தும் அரூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் காலையில் புறப்பட்டு வந்து மாலையில் வீடு திரும்பலாம். இங்கே ஒரு பட்டறை நடத்த மண்டபம் வேண்டியதில்லை, ஒரு பள்ளி வகுப்பறை போதும். பன்னிருவருக்கு மேல் சேர்க்கலாகாது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு வீதம் ஓராண்டு; ஒவ்வொருவரும் வருமுன்பே ஆறு பக்கம் எழுதிப் பிரதிகள் அனுப்பியிருக்க வேண்டும்; அனுப்பாதவருக்கு அன்று இடமில்லை. முற்பகலில் தாள்கள் வாசிக்கப்படும், வினாக்கள் எழும். பிற்பகலில் சென்ற மாதம் திருத்தம் பெற்றவர் தாம் என்ன மாற்றினோம், எதனால் மாற்றினோம் என்பதை மற்றவருக்கு விளக்குவார். ஆறாம் மாதம் ஒரு பதிப்பக உடன்படிக்கைப் படிவத்தைக் கரும்பலகையில் எழுதி, காலம், இடம், ராயல்டி என்னும் மூன்று கட்டங்களும் வெறுமையாக விடப்பட்டிருப்பதை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவர் யார் என்று பார்க்க வேண்டும்.