பறையில் இருந்து 'பரையா' வரை

இங்கிலீஷ் பேப்பர்ல 'பரையா ஸ்டேட்'னு படிச்சிருப்பீங்க. மத்த நாடுகள் ஒதுக்கி வெச்ச நாடுன்னு அர்த்தம். ஊரை விட்டு ஒதுக்கப்பட்ட ஆளுக்கும் இதே சொல்தான். சொல் என்னவோ நம்மளுது மக்களே... பறையர் என்ற சாதிப் பேர்தான் அது.

பறை என்ற கருவியில இருந்து வந்த பேர்னு பொதுவா சொல்றாங்க. புறநானூறு 335-ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன்னு நாலு குடிகளைப் பெருமையாத்தான் சொல்லுது. ஆனா 11-ஆம் நூற்றாண்டுத் தஞ்சைக் கல்வெட்டுகள்ல பறைச்சேரி தனியா வந்துடுது.

1516 வாக்கில் துவார்த்தே பார்போசா என்ற போர்த்துக்கீசியர் இந்தப் பேரை எழுதி வெச்சார். அப்புறம் இங்கிலீஷ், பிரெஞ்சுன்னு பரவிச்சு. 1821-ல் பாரிசுல 'பரியா'ங்கிற பேர்ல ஒரு நாடகமே வந்தது. 19-ஆம் நூற்றாண்டுல ஒதுக்கப்பட்ட யாரையும் குறிக்கிற பொதுச்சொல்லா ஆயிடுச்சு.

வெள்ளைக்காரன் அகராதி பண்ண தப்புன்னு இதை நாம தள்ளிவிட முடியாது. எங்க மாரியூர் இருக்கிற இராமநாதபுரம் மாவட்டத்துலயே 1930 டிசம்பர்ல தாழ்த்தப்பட்டோருக்கு எட்டுத் தடை போட்டாங்க. தங்கம், வெள்ளி நகை கூடாது. சட்டை கூடாது. குடை, செருப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேற பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது... மீறினவங்க வீடுகளைக் கொளுத்தினாங்க. அகராதியில இருக்கிற அர்த்தத்தை இங்கே வாழ்ந்து பார்த்தவங்க அவங்க.

அந்தப் பேரை என்ன பண்றதுன்னு அந்த மக்களுக்குள்ளயே ரெண்டு பதில் இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தன் பத்திரிகைக்கே 'பறையன்'னு பேர் வெச்சார். ஒளிச்சு வைக்க வேண்டிய பேர் இல்லைங்கிறது அவர் கட்சி. எம்.சி. ராஜா பேரையே மாத்தணும்னு கேட்டார். 1922-ல் சென்னை அரசு ஆவணங்கள்ல 'ஆதி திராவிடர்' வந்தது. ரெண்டு வழியும் மானத்துக்கான வழிதான்.

மலாய் மொழியில இது இன்னிக்கும் வசவு. 'இன்டர்லோக்' நாவல் பாடப் புத்தகமா இருந்தப்போ, அதுல வந்த இந்தச் சொல்லுக்காக அங்குள்ள தமிழர்கள் 2011-ல் போராடினாங்க. நாவலும் திரும்பப் பெறப்பட்டது.

அங்கே நம்மைச் சொன்னா சுடுது. இங்கே பக்கத்துத் தெருக்காரரை அதே சொல்லால திட்டும்போது மட்டும் சுடலையா? 'ஒதுக்கப்பட்ட நாடு'ன்னு எழுதினாலே அர்த்தம் புரியுதே. ஒரு சமூகத்தோட பேர் அதுக்கு எதுக்குங்க?