இந்த நிகழ்ச்சியை வழங்குவோர் யார்?

"இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர்..." என்று ஒரு குரல் சொல்லும். பின்னாலேயே சோப்போ நூடுல்ஸோ வரும். சீரியலுக்கு வழங்குவோர் உண்டு, கிரிக்கெட்டுக்கு உண்டு, பாட்டுப் போட்டிக்கும் உண்டு. சரி, பிள்ளைகளுக்கான அறிவியல் உரைக்கு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் அறுபது வருடக் கதை ஒன்று கிடைக்கிறது. காமர்ஸ் படிக்கிற நமக்கு அதில் நல்ல பாடமும் இருக்கிறது.

முதலில் லண்டன். அங்குள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷன் 1825-ல் இளையவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைகளைத் தொடங்கியது. மைக்கேல் ஃபாரடே மட்டுமே 19 தொடர்கள் நடத்தினார். ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் அவர். 1966 முதல் பிபிசி இந்த உரைகளை ஆண்டுதோறும் ஒளிபரப்பியது. பிபிசிக்கு உள்நாட்டில் விளம்பரம் கிடையாது, வீட்டுக்கு வீடு வசூலிக்கும் உரிமக் கட்டணம்தான் வருமானம். 2000-ல் உரைகள் விளம்பரத்தில் ஓடும் சேனல் ஃபோருக்குப் போயின. 2005-ல் சேனல் ஃபைவ், 2009-ல் மோர் ஃபோர், 2010-ல் மறுபடியும் பிபிசி. ஃபாரடே நின்று பேசிய மேடைக்கே இத்தனை அலைச்சல்!

இனி நம் ஊர். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியது. இரண்டே வருடத்தில், 1961-ல், டெல்லிப் பள்ளிகளுக்கான பாடங்கள் வந்துவிட்டன. அறிவியல் பாடங்களுக்கு அதில் முக்கிய இடம். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிப் பிள்ளையும் சோதனையைத் திரையிலாவது பார்க்கட்டும் என்பதுதான் எண்ணம். இதற்குக் கைகொடுத்தது அமெரிக்காவின் ஃபோர்டு ஃபவுண்டேஷன்.

ஃபோர்டு என்றால் செங்கல்பட்டுக்காரர்களுக்கு மறைமலைநகர் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும், 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியதே, அதே கம்பெனி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஃபவுண்டேஷன் 1936-ல் ஃபோர்டு குடும்பம் ஏற்படுத்திய அறக்கட்டளை. தன்னிடமிருந்த ஃபோர்டு கம்பெனிப் பங்குகளை 1956-லிருந்து பொதுமக்களுக்கு விற்க ஆரம்பித்து, 1974-க்குள் முழுவதும் விற்றுவிட்டது. அதாவது அது கார் விற்று வந்த பணம்தான், ஆனால் கார் விற்பதற்காகக் கொடுத்த பணம் அல்ல. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து வந்தது 'சைட்' என்ற செயற்கைக்கோள் கல்வித் திட்டம். விக்ரம் சாராபாய் கண்ட கனவு. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் போயின. கோழிவலைக் கம்பியில் செய்த ஆன்டெனா, பஞ்சாயத்துக்கு ஒரு டிவி. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. நமக்கு அதே ஆகஸ்டு 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் கிடைத்தது. 'சைட்' முழுக்கப் பொதுப்பணம், விளம்பரத்துக்கு வேலையே இல்லை.

விளம்பரம் தூர்தர்ஷனுக்குள் வந்தது 1976 ஜனவரியில். அதன் முழு பலம் தெரிந்தது 1984-ல். அந்த வருடம் ஜூலை 7 அன்று 'ஹம் லோக்' தொடர் ஆரம்பமானது. வழங்கியது மேகி நூடுல்ஸ். நூடுல்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத நாட்டில் அந்தத் தொடரும் ஓடியது, நூடுல்ஸும் ஓடியது. ஐந்து வாரம் கழித்து ஆகஸ்ட் 15 அன்று, பல்கலைக்கழக மானியக் குழு இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழியாக 'கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்' என்ற கல்வி ஒளிபரப்பைத் தொடங்கியது. கல்லூரி மாணவர்களுக்கானது. அறிவியலும் நிறைய உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும்கூடத் தயாரிப்பு மையங்கள் அமைந்தன. ஆனால் 'ஹம் லோக்' வந்தது குடும்பமே உட்காரும் இரவு நேரத்தில். வகுப்பறை வந்ததோ பகலில், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். திருக்கழுக்குன்றத்தில் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன பிள்ளைக்கு அதில் எவ்வளவு புரிந்திருக்கும்?

ஏன் இப்படி? கம்பெனிகளுக்கு அறிவியல் பிடிக்காது என்பதல்ல காரணம். கணக்கு அப்படி! ஸ்பான்சர் வாங்குவது நிகழ்ச்சியை அல்ல, அந்த நேரத்தில் திரைமுன் இருக்கும் கண்களை. சீரியல் பார்த்தவர் மறுநாளே கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவார். அறிவியல் உரை கேட்ட பத்து வயதுப் பிள்ளை பதினைந்து வருடம் கழித்து இன்ஜினியர் ஆகலாம், வேறு ஏதோ கம்பெனிக்கு வேலைக்குப் போகலாம். பலன் ஊருக்கு, செலவு ஒருவருக்கு. எகனாமிக்ஸ் வகுப்பில் 'புறவிளைவு' என்று படிக்கிறோமே, அதேதான்.

விதிவிலக்கு உண்டு. போர்ன்விட்டா குவிஸ் போட்டி 1972-ல் நகரங்களில் மேடைப் போட்டியாகத் தொடங்கி, வானொலிக்குப் போய், பிறகு தொலைக்காட்சிக்கும் வந்தது. ஆனால் அங்கே குடிப்பவரும் பிள்ளை, பார்ப்பவரும் பிள்ளை, பானத்தின் பெயரே நிகழ்ச்சியின் பெயர். குவிஸில் முப்பது விநாடிக்கு ஒரு கேள்வி போதும். ஒரே விஷயத்தை ஒரு மணி நேரம் நிதானமாக விளக்கும் உரைக்கு இந்த வழி சரிப்படாது.

சரி, இப்போது என்ன வழி? 2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது.

அப்படியானால் டிவி அறிவியல் உரைக்கு ஸ்பான்சர் கேட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். 2014 ஜூனில் கம்பெனி விவகார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. மாரத்தான், விருது விழா, டிவி நிகழ்ச்சி ஸ்பான்சர் போன்றவற்றைச் சமூகப் பணிச் செலவாகக் காட்ட முடியாது என்றது. 2021-ல் திருத்திய விதிகளும், விற்பனை ஆதாயத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் இந்தக் கணக்கில் சேராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. பார்க்கப்போனால் இது கதவடைப்பு இல்லை. ஃபோர்டு விஷயத்தில் பார்த்தோமே, கார் விற்று வந்த பணம், கார் விற்பதற்கான பணம் என்று... அந்த வித்தியாசத்தைத்தான் சட்டமும் எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே கேட்கிற விதத்தை மாற்ற வேண்டும். "எங்கள் நிகழ்ச்சியை வழங்குங்கள்" என்று கேட்டால் மார்க்கெட்டிங் மேனேஜர் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கேட்பார், நம்மிடம் பதில் இருக்காது. "இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளுக்கு மூன்று வருடக் கல்வித் திட்டம்" என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். உரை, சோதனைக் கருவிகள், பிள்ளைகளை அழைத்துவர பஸ், படப்பிடிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். ஒளிபரப்பத் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கியது. நேரத்தை விலைக்கு வாங்கும் தொல்லை இல்லாமல் அதில் இடம் கேட்கலாம்.

நம் பகுதியில் என்ன குறை? கல்பாக்கத்தில் 1971-ல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, தமிழில் பேசக்கூடிய விஞ்ஞானிகள் அங்கே உண்டு. மறைமலைநகர் பக்கமும் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலும் கம்பெனிகள் இருக்கின்றன. சற்று வடக்கே மாமல்லபுரத்தில் 2022-ல் உலக சதுரங்க ஒலிம்பியாட்டையே நடத்திக் காட்டினார்கள். ஆளும் உண்டு, பணமும் உண்டு, மேடையும் உண்டு. மூன்றையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர ஒரு நல்ல திட்ட அறிக்கைதான் வேண்டும்.

பட்ஜெட் போடுவதும் அறிக்கை எழுதுவதும் காமர்ஸ்காரன் வேலை. அடுத்த செமஸ்டர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். முதல் வேலை, நம் மாவட்டத்துக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை இறக்கி, போன வருடம் அந்த 2 சதவீதம் எங்கே போனது என்று பார்ப்பது.